அரைக்காசு ஊரில் ஒரு மனு

முதல் நாள், சனி

திருச்சியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் தோள்பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சித்தன்னவாசலா, குடுமியான்மலையா?" புதுக்கோட்டைக்கு வெளியூர்க்காரன் ஒருவன் பையோடு போனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் போவான் என்பது அவர் கணக்கு. "இல்லீங்க, கலெக்டர் ஆபீஸ்" என்றேன். உடனே என் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "என்ன, நிலமா?" என்றார்.

நிலம்தான். தாத்தா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் இருக்கும் ஒரு ஏக்கர் சொச்சம் புஞ்சையின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, நாங்கள்தான் மாற்றவில்லை. அப்பா "அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டார். சித்தப்பா திருப்பூரில் செட்டிலாகிவிட்டார். மிச்சம் இருப்பது அத்தை. அவர் போன வாரம் போன் செய்து, "தம்பி, திங்கக்கிழமை மனு நாளு. நீ சனிக்கிழமையே வந்துரு" என்றார். ஆன்லைனில் விண்ணப்பித்தால் போதும், இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ கம்ப்யூட்டர்ல போடு. நான் கையில கொடுக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

விமான நிலையம், மாத்தூர், கீரனூர் எல்லாம் தாண்டி, நார்த்தாமலைக் குன்றுகள் தெரிய ஆரம்பித்ததும் வண்டியில் பாதிப் பேர் எழுந்து பையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் வர இன்னும் கால் மணி நேரமாவது இருக்கும். இந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம் அப்படி.

இறங்கியதும் முதல் வேலையாக பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எல்லாக் காகிதங்களையும் மூன்று மூன்று பிரதி எடுத்துக்கொண்டேன். மாவட்டத் தலைநகரில் டீக்கடைக்கு அடுத்தபடி ஜெராக்ஸ் கடைதான் அதிகம். அதற்கு அடுத்தது, என் கணக்கில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் கடை.

சாயங்காலம் ராஜ வீதிகளைச் சுற்றி நடந்தேன். பழைய தமிழ்நாட்டு ஊர் என்றாலே கோயிலைச் சுற்றிக் கோணல்மாணலாக வளர்ந்த தெருக்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு, தெற்கு என்று நான்கு. அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. நூல் பிடித்த மாதிரி. வழி கேட்டால் "வடக்கு மூணு போய் கீழ ரெண்டுல திரும்புங்க" என்கிறார்கள், செஸ் ஆட்டம் சொல்லிக்கொடுப்பது போல. 1812-இல் ஊர் தீப்பிடித்து எரிந்தது. தஞ்சாவூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த பிளாக்பர்னின் யோசனைப்படி நேர் வீதிகளோடு திரும்பக் கட்டினார்கள். 1878-இல் திவானாக வந்த சேஷய்யா சாஸ்திரி அதை மேலும் ஒழுங்குபடுத்திக் குளங்களையும் சீராக்கினார். அவர் அதற்கு முன் திருவிதாங்கூரில் திவான். அங்கே கற்ற வித்தையை இந்தச் சின்ன சமஸ்தானத்தில் பதினைந்து பதினாறு வருடம் காட்டியிருக்கிறார். கடைப் பலகைகளையும் மின்கம்பிகளையும் கண்ணால் கழித்துவிட்டுப் பார்த்தால், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இன்றும் நேராகத் தெரிகிறது.

இந்த வீதிகளில் பல வீடுகள் ஒரு காலத்தில் நடிகர் பி.யு. சின்னப்பாவுடையவை என்பார்கள். சினிமாவில் சம்பாதித்ததையெல்லாம் சொந்த ஊரில் வீடாக வாங்கித் தள்ளியதால், இனிமேல் அவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் டீக்கடையில் அதைச் சொன்னவர் முகத்தில் இருந்த பெருமை நிஜம்.

ராத்திரி பரோட்டாவும் முட்டை மாஸும். அவித்த முட்டையைக் கொத்தி, வெங்காய மசாலாவில் புரட்டி, பொடிமாஸுக்கும் குழம்புக்கும் நடுவில் ஒரு பதத்தில் இறக்குவது. சென்னையில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. இரண்டு பிளேட் ஆனது.

இரண்டாம் நாள், ஞாயிறு

அத்தை வீடு திருக்கோகர்ணத்தில். மாமா போன பிறகு கிராமத்தை விட்டு இங்கே வாடகைக்கு வந்துவிட்டார். "கோயிலும் பக்கம், ஆஸ்பத்திரியும் பக்கம்" என்பது அவர் சொல்லும் காரணம். வாசலில் சுவரோடு சாய்ந்து ஒரு பழைய சைக்கிள். கம்பி வைத்த ஆம்பளை சைக்கிள். அதைப் பற்றி அப்புறம்.

காலையில் கோகர்ணேசுவரர் கோயில். பாறையைக் குடைந்த பழைய கருவறை, அதற்கு முன்னால் ஒவ்வொரு காலத்தவரும் கட்டிச் சேர்த்த மண்டபங்கள் என்று வெயிலிலிருந்து இருட்டுக்குள் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் கூட்டம் சுவாமியைவிட அம்பாளுக்குத்தான். பிரகதாம்பாள். சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வம். ஊருக்கு அவள் அரைக்காசு அம்மன். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்றால் அவளிடம் சொல்லி வெல்லம் நேர்ந்துகொள்ள வேண்டும். சாவி, கம்மல், ஏடிஎம் கார்டு, எதுவானாலும். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரவே ஓர் அம்மன் இருப்பது இந்த ஊருக்குப் பொருத்தம்தான் என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். ராத்திரி அந்த வேடிக்கை என் பக்கமே திரும்பும் என்று தெரியாது.

அரைக்காசு என்ற பெயர் வந்த வழியைப் பார்க்க அங்கிருந்து மியூசியம் போனேன். அதுவும் திருக்கோகர்ணத்திலேயே. 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. தமிழ்நாட்டில் இத்தனை பழைய அருங்காட்சியகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும், கல்வெட்டுகளும், செப்புத் திருமேனிகளும் ஒரே கூரைக்குக் கீழே. அந்தக் காலத்து ராஜாக்களுக்கு உலகம் முழுவதும் ஒரு கட்டடத்தில் அடங்கிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கலவைதான். புலியைப் பார்க்க வந்த பிள்ளைகள் போகிற போக்கில் ஒரு தீர்த்தங்கரரையும் பார்த்துவிட்டுப் போகின்றன.

அரைக்காசு என்று சொல்லப்படும் அம்மன் காசு. விரல் நகம் அளவு செப்புத் துண்டு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய". தமிழ்ச் சீமையை ஆண்ட தொண்டைமான்களின் காசில் தெலுங்கு எழுத்து. அந்த நூற்றாண்டுகளின் அரண்மனை மொழி அது. இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்களாம். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்த எத்தனையோ பெரிய சமஸ்தானங்கள் சொந்தக் காசை விட்டுவிட்ட பிறகும் இந்தச் சின்ன ராஜ்ஜியம் இதை விடவில்லை. கடைசிக் காலத்தில் காசு இங்கிலாந்தில் பர்மிங்காமில் அச்சாகி வந்தது. சாமி கப்பலில் வந்து இறங்கியிருக்கிறாள்.

சித்தன்னவாசலுக்குப் போகவில்லை. பதினாறு கிலோமீட்டர்தான், அந்தத் தாமரைக் குளத்தையும் அதில் பூப்பறிக்கும் சமணரையும் முன்பு இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு முறையும் ஊருக்குள் காலே வைக்காமல் திரும்பியிருக்கிறேன். இந்த முறை ஊரைப் பார்ப்பது என்று முடிவு.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் காகிதங்களை அடுக்கும்போது தாத்தாவின் இறப்புச் சான்று அசல் இல்லை. மூன்று பிரதிகள் இருக்கின்றன. அசல் இல்லை. சனிக்கிழமை ஜெராக்ஸ் மெஷினின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. இன்று ஞாயிறு, கடை பூட்டியிருக்கும்.

அத்தை திட்டவில்லை. "காலையில கோயில்லதான நின்னோம், அப்பவே தெரிஞ்சிருந்தா நேரா கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்படியிலிருந்தே கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, ஒரு கிலோ வெல்லம் நேர்ந்துகொண்டார். அரைக் கிலோ போதாதா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், திங்கள்

ஏழரைக்கே கடை வாசலில் நின்றேன். எட்டு மணிக்குக் கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்: "என்ன விட்டுட்டுப் போனீங்க?"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். ஆதார் அட்டைகள், ஒரு டி.சி., ஜாதிச் சான்றிதழ்கள், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஒன்று, மூன்று ரேஷன் கார்டுகள், பிளாஸ்டிக் உறை போட்ட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். எல்லாம் மூடிக்கு அடியில் மறந்து போனவை. "மார்க் ஷீட்டு மட்டும் ரெண்டு வருசமா கிடக்கு. போன் நம்பர் இல்ல. வருவாங்க" என்றார். எங்கள் தாத்தா மேலாகவே இருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டேன், அதற்கும் இரண்டு ரூபாய்தான்.

புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீஸ் என்பது அரண்மனை. உவமை இல்லை, நிஜமாகவே அரண்மனை. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் புது அரண்மனையில்தான் மாவட்ட நிர்வாகம் நடக்கிறது. கல்லில் எழுப்பிய வளைவுகளும் மாடங்களும். தள்ளி நின்று பார்த்தால் யானை வரும் என்று தோன்றும், வருவது ஷேர் ஆட்டோ.

அந்த மன்னர் பட்டத்துக்கு வந்ததே ஒரு கதை. அவருக்கு முந்தைய மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். வெள்ளைக்கார அரசு அவளை ராணியாக ஏற்கவில்லை, பிறந்த பிள்ளையை வாரிசாகவும் ஏற்கவில்லை. அவர் ஊரை விட்டு வெளிநாட்டிலேயே தங்கி 1928-இல் பாரிஸில் இறந்துபோனார். அப்புறம் ஆறு வயதுப் பையன் ராஜகோபாலைத் தேடி உட்கார வைத்தார்கள். வாரிசுச் சான்று என்பது ராஜாவுக்கே லேசில் கிடைக்கவில்லை, நமக்கென்ன என்று கியூவில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதோடு இது திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதி. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14. நடுவில் இருபத்தாறு வருடம் இந்த ஊருக்கு ராஜாவும் இல்லை, கலெக்டரும் இல்லை. அத்தைக்கு அந்தக் காலம் நினைவிருக்கிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு கிணற்று வழக்குக்காகத் திருச்சிக்கு நடையாய் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். "ராசா இருந்தா பக்கத்துலயே முடிஞ்சிருக்கும்னு பெரிசு புலம்பும்" என்றார். இப்போது ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது, 2024-இல். ஆனாலும் வயசானவர்கள் வாயில் இன்றும் "சமஸ்தானத்துல" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது.

வாசலில் போலீஸ் சோதனை. பையைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்தும் பார்க்கிறார்கள். மண்ணெண்ணெயாக இருந்துவிடக் கூடாதே என்று. தமிழ்நாட்டில் எந்தக் கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை போனாலும் இதுதான். அந்தப் பெண் போலீஸ் அத்தையின் பாட்டிலைத் திறந்து மோந்துவிட்டு, "சீரகத் தண்ணியா?" என்றார். "ஆமாத்தா, குடிக்கிறியா?" என்றார் அத்தை.

மரத்தடியில் மனு எழுதுபவர்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் அட்டை, காதில் பேனா. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒருவர் தம்பிக்கும் தமக்கும் நடுவிலுள்ள வரப்புத் தகராறைத் தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார். எழுதுபவர் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் நான்கு வரியில் அடக்குகிறார். அனுப்புநர், பெறுநர், பொருள், "மிகவும் பணிவுடன் சமர்ப்பிக்கும் மனு". சொன்னவரின் கோபம் எதுவும் காகிதத்தில் வரவில்லை, சர்வே எண் மட்டும் சரியாக வந்தது. எடிட்டிங் என்றால் இது.

நான் அத்தைக்கும் ஒருவரைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். அவர் சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கோடு போட்ட நோட்டுத் தாள். எழுதியாகிவிட்டது. எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

இங்கே சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அதோடு நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். கடனுக்குச் சைக்கிள் வாங்க வழி செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. பெண்கள் ஆம்பளை சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள், பிள்ளையை முன் கம்பியில் உட்கார வைக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. அத்தை அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வயது அப்போது இருபத்தொன்பது. எழுத்தும் அந்த வருடம்தான், சைக்கிளும் அந்த வருடம்தான். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. "எழுத்து சீக்கிரம் வந்துருச்சு. பெடல்தான் லேட்டு" என்பார்.

மனுவைப் படித்தேன். எழுத்து பெரிது பெரிதாக, கோட்டைத் தாண்டாமல். ர-வுக்கும் ற-வுக்கும் கொஞ்சம் தகராறு. தாத்தா பெயரிலுள்ள பட்டாவைக் கூட்டுப் பட்டாவாக மாற்ற வேண்டும் என்று கேட்டு, வாரிசுகளை வரிசையாக எழுதியிருந்தார். முதலில் தம் பெயர். அப்புறம் என் அப்பாவின் வாரிசாக நான். அப்புறம் சித்தப்பா. மூத்தவர் என்ற முறையில் சரிதான். ஆனால் போன மாதம் சித்தப்பா போனில், "அக்கா பேரு எதுக்கு, நாம ரெண்டு பேரும் போட்டுக்கிட்டு அதுக்கு ஏதாவது கொடுத்துரலாம்" என்று என்னிடம் சொன்னதும், நான் "சரி, பாக்கலாம்" என்று இழுத்ததும் ஞாபகம் வந்தது. அத்தைக்கு இது தெரியுமா என்று கேட்கவில்லை. ஒற்றெழுத்து விட்டுப்போன இடங்களைத் திருத்தட்டுமா என்று மட்டும் கேட்டேன். "அர்த்தம் புரியுதுல்ல? விடு" என்றார்.

பதிவு செய்யும் இடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றி, எண் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி. பின்னால் மயானத்துக்குப் பாதை கேட்டு ஊரே திரண்டு வந்த ஒரு கூட்டம். காலேஜ் நேரத்துக்கு பஸ் கேட்டு யூனிபார்ம் சுடிதாரோடு நான்கு பெண்கள். கூடத்துக்குள் அத்தை மனுவைக் கொடுத்தது முழுதாக ஒரு நிமிடம்கூட இருக்காது. வாங்கிப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டு, ஓரத்தில் எழுதிப் பக்கத்து அதிகாரியிடம் தள்ளினார்கள். கேள்வி: "நீங்களே எழுதுனதாம்மா?"

வெளியே வந்து அரண்மனைப் படியில் சீரகத் தண்ணீர் குடித்தோம். அத்தை அண்ணாந்து வளைவுகளைப் பார்த்துவிட்டு, "தூசி தட்டவே தனியா ஆளு வேணும்" என்றார்.

நான்காம் நாள், செவ்வாய்

இன்று எழுத அதிகம் இல்லை. காலையில் ஒரு கிலோ வெல்லம் வாங்கி அம்மனிடம் கொடுத்தாயிற்று. எங்களுக்கு முன்னால் ஒரு பையன் செல்போனுக்காக நேர்ந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தான். கிடைத்த செல்போன் அவன் கையிலேயே இருந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மாமன்னர் கல்லூரி வரை போய் வந்தேன். முத்துலட்சுமி ரெட்டி படித்த இடம். 1886-இல் இந்த ஊரில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது மன்னர் அனுமதி கொடுத்தார். அதே மார்த்தாண்ட பைரவர்தான். 1912-இல் டாக்டர் பட்டம், 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபை. வாசலில் நான் நின்ற நேரம் மாணவிகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது, ஸ்கூட்டியில் பாதி, பஸ்ஸில் பாதி. நேற்று பஸ் கேட்டு வந்த நான்கு பேரும் இதில் இருக்கிறார்களா என்று பார்த்தேன், தெரியவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து சித்தப்பாவுக்குப் போன் செய்து, மனுவில் மூன்று பெயர் இருப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, அக்கா எழுதுனா எழுதுனதுதான். கையெழுத்துக்கு எப்ப வரணும்னு சொல்லு" என்றார்.

கிளம்பும் முன் அத்தை வீட்டில் பார்த்ததை எழுதிவிடுகிறேன். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டையில், நேற்றுக் கிடைத்த மனு எண்ணைப் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே, "வெல்லம் கொடுத்தாச்சு". அதற்கும் கீழே, "சைக்கிள் டியூப்".